மேனேஜர் மூலம் வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் முன்னாள் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில், மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தில், கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜூம் வழியாக வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சில உரிமையாளர்கள் சேர்ந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். அங்கே நடுராத்திரியாக இருக்கும். இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான். ஆனால் இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்களும் கேட்க வேண்டியது இதில் நிறைய இருக்கிறது.

நம் வளாகத்தில் உரிமையாளரே குடியிருக்கும் வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரும் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு வாடகைக்கு விட்டார்கள். முன்பெல்லாம் மச்சானோ சித்தப்பாவோ வந்து வாடகை வாங்கி, குழாய் ரிப்பேர் பார்த்துப் போவார்கள். இப்போது மச்சானுக்கே எழுபது வயது. ஆகவே பிராப்பர்ட்டி மேனேஜர் என்று ஒருவரை, அல்லது ஒரு கம்பெனியை வைத்துக்கொள்கிறோம். அதில் தவறே இல்லை. நம் வளாகத்திலேயே ஒழுங்காக வேலை செய்யும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன்பே பால்கனி வடிகாலைச் சுத்தம் செய்து போட்டோ அனுப்புகிறவரும் அவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நான் பேச வந்தது, மேனேஜர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு ஆட்கள் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்பதைப் பற்றி. யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

முதலாமவர் புரோக்கர். ஆளைக் கூட்டிவருவார், ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொள்வார், போய்விடுவார். இப்போது விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டுக்கொள்கிறார். அவரால் பெரிய கெடுதல் இல்லை, குழாய் உடைந்தால் போனை எடுக்கமாட்டார் என்பதைத் தவிர.

இரண்டாமவர்தான் உண்மையான மேனேஜர். உங்கள் சார்பில் வாடகை வசூலைக் கவனிப்பார், ரிப்பேர் செய்வார், வீட்டை அவ்வப்போது போய்ப் பார்ப்பார். அதற்கு உங்களிடம் கட்டணம் வாங்குவார். வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் இருக்கும். அவர் நடுவில் வேலை செய்பவர் மட்டுமே.

மூன்றாமவர் பேச்சு இன்னும் இனிப்பாக இருக்கும். "சார், உங்கள் வீட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாம் தேதி உங்கள் கணக்கில் பணம். பெயிண்டிங், பிளம்பிங், குடித்தனக்காரர் தொல்லை எதுவும் உங்களுக்கு இல்லை." வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சட்டப்படி பார்த்தால் இவர் உங்கள் மேனேஜரே இல்லை. இவர் உங்கள் வாடகைதாரர். வீட்டில் குடியிருப்பவர் இவருக்கு உள்வாடகைக்காரர். உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நேரடியாக ஒரு தொடர்பும் காகிதத்தில் இருக்காது.

இப்படிச் செய்யும் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாத வாடகைக்கு எடுத்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான மாத வாடகைக்கு விட்டு, நடுவில் உள்ள வித்தியாசத்தில் பிழைக்கும் நேர்மையான நிறுவனங்களும் உண்டு. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் காவல் நிலையம் வரை போன பல வழக்குகள் இந்த மூன்றாம் வகையில்தான் பிறந்திருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 32 வருஷம் வங்கியில் இருந்தவன். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது.

உங்கள் வீட்டை மாதம் 22,000 ரூபாய்க்கு அந்தக் கம்பெனி எடுக்கிறது என்று வையுங்கள். உங்களுடன் 11 மாத ஒப்பந்தம். அதில் ஒரு மூலையில், உள்வாடகைக்கு விட உரிமை உண்டு என்று ஒரு வரி. கம்பெனி அந்த வீட்டை மாத வாடகைக்கு விடுவதில்லை. லீஸுக்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் போக்கியத்துக்கு விடுகிறது. எட்டு லட்சம் ரூபாய் மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு வருஷம் வாடகையே இல்லாமல் இருக்கலாம், முடிவில் எட்டு லட்சமும் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு குடும்பத்திடம் சொல்கிறது.

அந்தக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 56,000 கிடைக்கும். மாதத்துக்கு 4,700-க்கும் குறைவு. அந்த வட்டியை விட்டுக்கொடுத்தால் 22,000 ரூபாய் வீடு. நகையை அடகு வைத்தாவது பணம் புரட்டத் தோன்றுமா, தோன்றாதா?

இப்போது கம்பெனியின் பக்கம். கைக்கு எட்டு லட்சம் வந்தது. இரண்டு வருஷத்தில் உங்களுக்குக் கொடுக்க வேண்டியது 24 மாதம், 5,28,000. மீதி இருப்பது 2,72,000. ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியது எட்டு லட்சம். 5,28,000 எங்கிருந்து வரும்? இன்னொரு வீட்டை எடுத்து, இன்னொரு குடும்பத்திடம் எட்டு லட்சம் வாங்கினால்தான் வரும். அதன் பிறகு அந்த வீட்டுக்கு? மூன்றாவது வீடு. புது வீடுகள் வந்துகொண்டிருக்கும்வரை வண்டி ஓடும். நின்ற நாளில் ஆபீஸ் பூட்டியிருக்கும், போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதுவரை உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஒன்றாம் தேதி தவறாமல் பணம் வந்துகொண்டே இருக்கும். வாடகை ஒழுங்காக வருகிறதே என்பதை நாம் அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். வருவது குடியிருப்பவரின் சொந்த முதல்தான், அதுவே துண்டு துண்டாக உங்களுக்கு வருகிறது.

நமக்கு நாலு தெரு தள்ளி ஒரு வளாகத்தில் இது நடந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் எனக்குப் பழக்கம் என்பதால் கூடவே இருந்து பார்த்தேன். உரிமையாளர் மஸ்கட்டில் இருக்கிறார். ஒரு மாதம் வாடகை வரவில்லை, கம்பெனிக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. வாட்ச்மேனுக்குப் போன் செய்து, வீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்க யாரு?"

குடியிருந்தவர் வாகன உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறார். மனைவியின் நகை, அவருடைய பி.எஃப். பணம், தம்பியிடம் வாங்கிய கடன், எல்லாம் சேர்த்துத்தான் அந்த எட்டு லட்சம். கையில் ஸ்டாம்ப் பேப்பரில் லீஸ் ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது கம்பெனி, உரிமையாளரின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி என்று. உரிமையாளரிடம் 11 மாத வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. "என் வீடு, காலி செய்யுங்கள்" என்கிறார் இவர். "என் பணம், கொடுத்தால் போகிறேன்" என்கிறார் அவர். இரண்டு பேருமே நியாயம் பேசுகிறார்கள். இரண்டு பேருமே போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண் அந்த வீட்டில் இருக்கிறாள். விஷயம் இன்னும் முடியவில்லை.

உரிமையாளர் தப்பித்துக்கொள்ளலாமே, லீஸ் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லையே என்று நினைப்பீர்கள். அது அவர் கம்பெனிக்கு என்ன எழுதிக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நாம் நியமித்த ஏஜெண்ட் நாம் கொடுத்த அதிகாரத்துக்குள் செய்யும் காரியம் நம்மைக் கட்டும். "என் சார்பில் வீட்டை வாடகைக்கோ லீஸுக்கோ விடவும், அட்வான்ஸ் பெறவும்" என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தால், அந்த எட்டு லட்சத்தைக் குடித்தனக்காரர் உங்களிடம் கேட்க வழி உண்டு. வாங்கியது அவர், பொறுப்பு உங்களுக்கு.

சரி, என்ன செய்வது?

முதலில், பணம் போகும் வழி. வாடகையும் அட்வான்ஸும் குடியிருப்பவரின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு. மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தை நீங்கள் தனியாக அனுப்புங்கள், ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் போட்டு அவர் பில் தரட்டும். "நாங்கள் வசூலித்து, எங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அனுப்புகிறோம், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்பார்கள். அந்தச் சிரமத்தை நீங்கள் படுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே, நான் சொன்ன மோசடிக்கு இடமே இருக்காது. எட்டு லட்சம் உங்கள் கணக்குக்கு வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் யார் யார் என்று பாருங்கள். ஒரு பக்கம் உங்கள் பெயர், மறுபக்கம் உள்ளே குடியிருக்கப்போகிறவர் பெயர். நடுவில் வேறு பெயர் வந்தால், அது எதற்கு என்று கேளுங்கள்.

மூன்றாவது, பவர். நான் பார்த்த சில வெளிநாட்டு உரிமையாளர்கள், வாடகைக்கு விடுவதற்காகப் பொது அதிகாரப் பத்திரத்தையே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டை விற்கும் அதிகாரம் வரை அதில் இருக்கிறது! யாரோ மாதிரிப் படிவம் அனுப்பினார்கள், இவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றால் அந்தக் காரியத்துக்கு மட்டும் ஸ்பெஷல் பவர் போதும். எந்த வீடு, குறைந்தபட்ச வாடகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு மேல் விடக்கூடாது, பணம் வாங்கும் அதிகாரம் கிடையாது, பவர் எந்தத் தேதியோடு முடிகிறது, இவ்வளவும் அதில் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. பதிவை இணையதளத்திலேயே செய்யலாம். 11 மாதத்துக்குத்தானே எழுதினோம், பதிவு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. நாளைக்கு ஒரு தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் இந்தப் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.

பலருக்குத் தெரியாதது, இந்தச் சட்டம் பிராப்பர்ட்டி மேனேஜரைப் பற்றியும் தனியாகப் பேசுகிறது. மேனேஜரை வைத்தால், அவர் பெயர் என்ன, அவருக்கு நீங்கள் அதிகாரம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன, எந்தெந்தக் காரியங்களுக்கு, எத்தனை காலத்துக்கு என்பதைக் குடியிருப்பவருக்கு உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். மேனேஜரின் வேலைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அத்தியாவசிய ரிப்பேர் பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது, சச்சரவு வந்தால் தீர்க்க உதவுவது. இவற்றைத் தாண்டி எதைச் செய்வதானாலும் உரிமையாளர் சொன்னால்தான் செய்யலாம். மீறினால் வாடகை நீதிமன்றம் அவரை நீக்கலாம், நஷ்டத்தையும் கட்டச் சொல்லலாம். ரசீது கொடுத்து வாடகை வாங்க மேனேஜரைச் சட்டம் அனுமதிக்கத்தானே செய்கிறது என்று வக்கீல் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அனுமதிக்கிறது. கட்டாயப்படுத்தவில்லை. என் யோசனை, பணத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது சென்னை வழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். இந்தப் பிடித்தத்தில்தான் மேனேஜர்களோடு சண்டை வருகிறது. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது ஊர் வழக்கம்; அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஃபேன் எத்தனை, கீசர், சிம்னி, எத்தனை சாவி, ஈ.பி. மீட்டர் ரீடிங் என்ன, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மேனேஜர் கேட்காவிட்டாலும் குடியிருப்பவர் கேளுங்கள். சுவரில் முன்பே இருந்த ஆணி ஓட்டைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது ரிப்பேர். இது உரிமையாளர் பிரச்சினை மட்டும் இல்லை, சங்கத்தின் பிரச்சினை.

போன ஐப்பசி மழையின்போது நம் இரண்டாவது பிளாக்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மேல்வீட்டுப் பாத்ரூமில் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு. கீழ்வீட்டில் ஓதம் ஏறி, சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அந்தக் கட்டிலில் படுப்பவருக்கு 79 வயது. நல்லவேளை, அவர் அப்போது சமையலறையில் இருந்தார். மேல்வீட்டுக்குப் போனால் பூட்டியிருக்கிறது, குடித்தனக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டால், மாற்றுச் சாவி வைத்திருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். சாவி கிடைத்த பிறகு பார்த்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், செலவு அதிகம். "ஓனர் அப்ரூவல் வேண்டும்" என்றார் மேனேஜர். ஓனர் இருக்கும் ஊரில் அப்போது இரவு. காலையில் அவர், "மூன்று கொட்டேஷன் வாங்குங்கள்" என்றார். இப்படியே 19 நாள். அந்தப் பைப் லைனை நாங்கள் மூடி வைத்ததால், அதே வரிசையில் இருந்த மற்ற வீடுகளுக்கும் ஒரு பாத்ரூமில் தண்ணீர் இல்லை. அந்த அம்மா ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். மூட்டு வலிக்காரர். ஒரு நாள்கூடச் சத்தம் போடவில்லை. அதனால்தான் இன்று நான் போடுகிறேன்.

இதில் யார் கெட்டவர்? யாரும் இல்லை. ஒரு தாளில் இரண்டு வரி எழுதாமல் விட்டதுதான் காரணம். எவ்வளவு தொகை வரை மேனேஜர் கேட்காமல் செலவு செய்யலாம் என்று ஒரு வரி. ஐயாயிரமோ பத்தாயிரமோ, உங்கள் விருப்பம். கசிவு, ஷார்ட் சர்க்யூட், கேஸ் போன்ற அவசரத்தில் தொகை பார்க்காமல் உடனே செய்யலாம், பூட்டியிருந்தால் சங்க நிர்வாகி ஒருவர் முன்னிலையில் உள்ளே போகலாம் என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி வாடகை ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். ஏனென்றால், சாதாரண நாளில் வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மேனேஜர் நினைத்த நேரத்தில் சாவி போட்டுத் திறந்து வரக்கூடாது. குடியிருக்கும் பெண்கள் இரண்டு பேர் இதைப் பற்றி என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட உரிமையாளர்களுக்குத் தெரிவித்தாயிற்று.

எந்த ரிப்பேர் யாருடையது என்பதற்கும் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. சுவர் வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் தலையில். கீசருக்கு உரிமையாளரைத் திட்டுகிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் பாதி அமைதி திரும்பும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. மேனேஜர் கட்டணமும் ரிப்பேர் செலவும் அதற்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. உரிமையாளர் இந்தியாவில் இருப்பவர், மாத வாடகை 50,000-க்கு மேல் என்றால் குடியிருப்பவர் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், 2024 அக்டோபருக்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த 50,000 கணக்கே கிடையாது. வாடகை பத்தாயிரமானாலும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு டான் எண் வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் வருமான வரித்துறை வந்து நிற்பது குடியிருப்பவர் வாசலில். மேனேஜரிடம் கொடுத்தேன் என்பது பதிலாகாது. வரி குறைவாகவே வரும் என்றால் உரிமையாளர் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கலாம். நல்ல மேனேஜர் இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் மேனேஜரா புரோக்கரா என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்வியையே கேட்டுப் பாருங்கள்.

இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு, குறிப்பாக லீஸுக்கு வரப்போகிற உங்கள் உறவினர்களுக்கு. மொத்தப் பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் வீடியோ காலிலாவது ஒருமுறை பேசுங்கள். பேச முடியாது என்று மேனேஜர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சொத்து வரி ரசீதிலும் ஈ.பி. பில்லிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். வீடு யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எச்.ஆர்.ஏ. விலக்குக்காக ஆபீஸில் உரிமையாளரின் பான் எண் கேட்பார்கள். அதற்கு மேனேஜரோ கம்பெனியோ தன் பான் எண்ணைக் கொடுத்தால், வீட்டை யார் யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அதற்கும் மேல், சங்க அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். உரிமையாளரின் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வருகிறவரிடம் நாங்கள் போன் எண்ணைக் கொடுக்கமாட்டோம், ஆனால் நீங்கள் சொல்லும் பெயர் சரியா இல்லையா என்று சொல்வோம்.

சங்கம் என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறது. மேனேஜர் வைத்திருக்கும் ஒவ்வொரு உரிமையாளரும் அதை நிரப்பித் தர வேண்டும். மேனேஜர் பெயர், அதிகாரம் எந்தத் தேதி வரை, மாற்றுச் சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்கு எடுக்கக்கூடிய ஒரு போன் எண், வீடு மாத வாடகைக்கா லீஸுக்கா. இந்தப் படிவம் நேராக உரிமையாளரின் மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும், மேனேஜர் கொண்டுவந்தால் வாங்கமாட்டோம். புதுக் குடித்தனம் வரும்போது, யார் வருகிறார்கள், லீஸா வாடகையா என்று உரிமையாளருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுவோம். மஸ்கட்காரருக்கு அந்த ஒரு வரி மின்னஞ்சல் போயிருந்தால் போதும். காவல் நிலையத்துக்கான வாடகைதாரர் விவரப் படிவமும் அலுவலகத்தில் கிடைக்கும். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் சங்கம் செய்யாது. வாடகை பாக்கி, தண்ணீரை நிறுத்துங்கள், லிஃப்ட் கார்டை முடக்குங்கள் என்று மேனேஜர்கள் செக்யூரிட்டியிடம் வந்து சொல்கிறார்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை உரிமையாளர் நேராகவோ வேறு ஆள் மூலமாகவோ நிறுத்தக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த வேறு ஆளாக நம் சங்கம் இருக்காது. பாக்கிக்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அதேபோல, மாதப் பராமரிப்புத் தொகை பாக்கி நின்றால் நாங்கள் கேட்பது உரிமையாளரைத்தான். குடியிருப்பவர் கட்டுவார், மேனேஜர் கட்டுவார் என்பது உங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

ஜூமில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கேட்டவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். வீடு 84 வயதான அவருடைய அம்மா பெயரில். அம்மா மேனேஜருக்குப் பவர் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குப் பிறகு அந்தப் பவர் செல்லுமா என்று கேட்கிறார். செல்லாது. எழுதிக்கொடுத்தவர் காலமானால் இப்படிப்பட்ட பவர் அந்த நிமிஷமே முடிந்துவிடும். அதன் பிறகு மேனேஜர் போடும் புது ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை. இருக்கும் குடித்தனக்காரரை அதற்காக வெளியே போகச் சொல்லவும் முடியாது. வாரிசுகள் சேர்ந்து புதிதாக அதிகாரம் கொடுக்க வேண்டும், வாடகையை எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று குடியிருப்பவருக்கு எழுத வேண்டும். அம்மா நன்றாக இருக்கும்போதே, வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறதா, சொத்து வரி ரசீது எங்கே இருக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியது என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் போன் பேசும்போதே கேட்கலாம்.

படிவம் அலுவலக மேஜையில் இருக்கிறது. மின்னஞ்சலிலும் வரும்.